ஒரகடத்துக்கு எத்தனை ஆர்.பி.எம்.?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலையின் இரண்டு பக்கமும் கார், லாரி, புல்லட், மண் தோண்டும் எந்திரம் எல்லாம் தயாராகின்றன. அந்தப் பெரிய ஆலைகளிலும், அவற்றுக்கு உதிரிபாகம் அடித்துத் தரும் தகர ஷெட்டுகளிலும், எடை மேடையிலும், கேன்டீன் டோக்கன் கவுன்டரிலும், வாசல் செக்யூரிட்டி கேபினிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஏற்றப்படும் பெட்டிகளுக்குப் பார்கோடு ஸ்டிக்கர் அடித்துத் தருவது அதுதான். அது நின்றால் லாரி நிற்கும். இந்த டெஸ்க்டாப்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் நான் மிக அதிகமாக மண்டையைக் குடைந்துகொண்டது ஒரே கேள்விக்காக: உள்ளே சுழலும் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும்?

காஞ்சிபுரம் பக்கம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். 2006-ல் நோக்கியா, 2007-ல் டெல் என்று இந்தப் பக்கம் வரிசையாக ஆலைகள் திறந்த காலம் அது. எங்கள் பேட்சில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறினார்கள். எனக்கு டெஸ்க்டாப் பூட்டுகிற லைன் ஒன்றில் கடைசி டெஸ்ட் டேபிளில் இடம் கிடைத்தது. ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் ஒரு கணம் முழு வேகத்தில் இரைந்து, பிறகு சட்டென்று அடங்கும். மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் கண் விழித்துக் கட்டளை தரும்வரை ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். அந்த இறக்கம்தான் கட்டளை வந்துவிட்டதற்கு அடையாளம். இறக்கம் கேட்காவிட்டால் நான்காவது வயர் சரியாகச் செருகவில்லை. 'டிக் டிக்' என்றால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. அடங்கியபின் லேசாக முனகினால் பேரிங். திரையில் 'பாஸ்' என்று பச்சை வருவதற்கு முன்பே காதுக்கு முடிவு தெரிந்துவிடும். எனக்குப் பக்கத்து டேபிளில் இருந்த சீனியர் அக்கா, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதுகூட எந்த எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டாலும் அதன் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்வார். கேட்பது ஒரு திறமை என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அந்த நான்கு வயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ப்ராசசரோடு வரும் ஃபேனில் கறுப்பு எர்த், மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர், நீலம் வேகத்தைக் கட்டளையிடும் வயர். பச்சை வயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். மதர்போர்டில் இருக்கும் ஒரு சிப் அதை எண்ணி ஆர்.பி.எம். ஆக்கும். நீல வயரில் விநாடிக்குச் சுமார் 25,000 முறை சிக்னல் மேலும் கீழும் போகும். மேலே இருக்கும் நேரத்தின் பங்கு நூற்றுக்கு முப்பது என்றால் மெதுவாக, எண்பது என்றால் வேகமாக. 25,000 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: மனிதக் காது எட்டும் எல்லை 20,000 வரைதான், அதற்கு மேலே வைத்தால் மோட்டாரின் ரீங்காரம் யாருக்கும் கேட்காது. நீல வயர் அறுந்தாலோ கழன்றாலோ ஃபேன் முழு வேகத்துக்குப் போய்விடும். பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாயும்படி யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

2004-ல் இன்டெல்லின் 775 சாக்கெட்டோடு இந்த நான்கு பின் முறை பரவியது. அந்தக் காலத்துப் பென்டியம் 4-ல் சில 100 வாட்டைத் தாண்டி எரிந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் ஃபேனை முழுசாக விட்டால் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச முடியாது. அதற்கு முன்பு மூன்று வயர்தான். வேகத்தைக் குறைக்க 12 வோல்ட்டையே குறைக்க வேண்டும். பழைய ஆட்கள் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஃபேனைக் கட்டி 7 வோல்ட்டில் ஓட்டுவார்கள். வேலை செய்யும், ஆனால் ஒரே வேகம். வெயில் ஏறினாலும் அதே வேகம்.

லைன் வேலையை விட்டு, பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து, ஷெட் ஷெட்டாகப் போக ஆரம்பித்தபிறகுதான் இந்த நான்கு வயருக்கு வெளியே ஒரு ஐந்தாவது விஷயம் இருப்பது புரிந்தது: மெஷின் உட்கார்ந்திருக்கும் இடம்.

ஃபேன் எதையும் குளிர வைக்காது. அறையின் காற்றைக் கொண்டுவந்து, ப்ராசசரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்கில் மோதவிடும், அவ்வளவுதான். அறையைவிடக் கீழே ஒரு டிகிரிகூட அதனால் இறக்க முடியாது. கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 65 வாட் ப்ராசசர். ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்து முழு வேகத்தில் ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி ஏற்றம், மெதுவாக ஓடினால் 0.6 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ப்ராசசர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட முறையே 26 அல்லது 39 டிகிரி சூடாக இருக்கும். அந்தச் 'சுற்றியுள்ள காற்று' அறைக் காற்று இல்லை, கேபினட்டுக்குள் இருக்கும் காற்று. மொத்தம் 150 வாட் இழுக்கும் கேபினட்டில் நிமிடத்துக்கு 40 கனஅடி காற்று போய்வந்தால் உள்ளே சுமார் 7 டிகிரி கூடும். 20 கனஅடி என்றால் 14. இப்போது 24 டிகிரி ஏ.சி. அறையில் எல்லாவற்றையும் மெதுவாக விடுங்கள்: 24, 14, 39. மொத்தம் 77. கவலையே இல்லை, அமைதியாக வேலை பார்க்கலாம். அதே மெஷினை அதே அமைப்போடு கத்திரி வெயிலில் 42 டிகிரி காயும் ஒரகடத்துத் தகர ஷெட்டில் வையுங்கள். 42, 14, 39. மொத்தம் 95. பெரும்பாலான ப்ராசசர்கள் நூறை நெருங்கும்போது தாங்களே தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் அடிக்கும் மென்பொருள் இழுக்கும், ஆபரேட்டர் எலியைத் தட்டுவார், லைன் லீடர் 'நெட்வொர்க் ஸ்லோ' என்று எழுதிவைப்பார்.

பெரும்பாலான அலுவலக டெஸ்க்டாப்களின் விவரக் குறிப்பில் ஒரு வரி உண்டு: இயங்கும் வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. நம் ஊரில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளிக்காற்றே இந்த எல்லையைத் தாண்டும் நாட்கள்தான் அதிகம். சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானது. இதற்குத் தகர ஷெட்டின் கூரைச் சூட்டையும், பிரஸ் மெஷினின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து வரும்போது பயாஸில் எழுதியிருக்கும் ஃபேன் வேகக் கணக்கு, இந்த 35 டிகிரிக்குள் வாழும் மனிதர்களுக்காகப் போடப்பட்டது.

அதனால் முழு வேகத்தில் வைத்துவிட்டால் தீர்ந்ததா? ஒரு பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். "ஏம்மா, ஃபேன் சத்தம் போட்டாத்தானே ஓடுதுன்னு அர்த்தம்? முழுசா வச்சுட்டுப் போ."

"முழுசா வச்சா தூசியும் முழுசா வரும் சார். ஆடி மாசக் காத்துக்கு முன்னாடியே அடைச்சுக்கும்."

இதை அவருக்குக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் அது இழுக்கும் மின்சக்தி எட்டில் ஒரு பங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். தலைகீழாகப் பார்த்தால், கடைசி முப்பது சதவீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். கிடைக்கும் குளிர்ச்சி சில டிகிரிதான். அந்தச் சில டிகிரியையும் ஹீட் சிங்க் இடுக்கில் படியும் தூசி சில வாரத்தில் திருப்பி வாங்கிவிடும். எந்திரங்கள் கூலன்ட் தெளிக்கும் ஷெட்டில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துளியும் தூசியும் சேர்ந்து பிசின் போல ஒட்டும். பிரஷ்ஷுக்கு வராது, புளோயருக்கும் வராது. ஹீட் சிங்க்கைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, புதுத் தெர்மல் பேஸ்ட் போட்டுப் பூட்ட வேண்டும். சிலர் ஷாப் ஃபுளோர் கம்ப்ரஸர் காற்றையே பிடித்து அடிப்பார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்; அடிக்கும் வேகத்தில் ஃபேன் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று பேரிங் போகும். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்கச் சொல்லி எத்தனையோ பையன்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

தூசிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை நான் தெளிவாகப் பார்த்தது வாலாஜாபாத் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரின் எடை மேடையில். கண்ணாடி கேபின், அதற்குள் ஒரு டேபிள் ஃபேன், வெளியே நாள் முழுக்க வெள்ளைப் புழுதி. அங்கிருந்த டெஸ்க்டாப்பில் முன்பக்கம் ஃபேனே கிடையாது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஃபேனும் பின்பக்கத்து 80 மில்லிமீட்டர் ஃபேனும் காற்றை வெளியே தள்ளும்; உள்ளே குறைந்த அழுத்தத்தை நிரப்ப, டி.வி.டி. டிரைவ் இடுக்கு, யு.எஸ்.பி. ஓட்டை, ஸ்க்ரூ துளை என்று எந்த வழி கிடைத்தாலும் அதில் புழுதி நுழையும். வெப்பம் ஏற ஏறப் பின் ஃபேன் வேகம் எடுக்கும், வேகம் எடுக்க எடுக்கப் புழுதி கூடும், புழுதி கூடினால் வெப்பம் ஏறும். இந்த வட்டத்தை வேகத்தைக் கூட்டி உடைக்க முடியாது.

முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் போட்டேன். 80-ஐவிட அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு; அதனால் 1,000 சுற்றிலேயே நிறையக் காற்றைத் தரும், சத்தமும் இருக்காது. அதன் முன்னால் மெல்லிய ஃபோம் ஃபில்டர். பிறகு பயாஸில் முன் ஃபேனின் வேகம் எப்போதும் பின் ஃபேனைவிட ஒரு படி மேலே இருக்கும்படி இரண்டு கணக்கையும் பொருத்தினேன். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமானால், இடுக்கு வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே வராது. வருகிற காற்றெல்லாம் ஃபோமைத் தாண்டித்தான் வர வேண்டும். எடை மேடைத் தம்பியிடம் ஒரே வேலை சொன்னேன்: வாரக் கூலி போடும் சனிக்கிழமை சாயங்காலம் ஃபோமைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்ததும் மாட்டு. "அக்கா, உள்ள வெள்ளையா ஒண்ணுமே இல்லக்கா" என்று சில மாதம் கழித்து அவனே கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தான். அன்று எனக்கு வந்த சந்தோஷம் பெரியது. ஒரு ஃபேனின் வேகத்தைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்றுக்கொன்று என்ன உறவில் ஓடுகின்றன என்பதையே இன்றுவரை முதலில் பார்க்கிறேன்.

அமைதியான அறைகளில் வேறு மாதிரித் தொல்லை. வல்லத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு. ஏ.சி. உண்டு, தூசி கிடையாது. ஆனால் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஃபேன் 'ஊய்ங்' என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வாரத்தில் அந்த அறையில் இருந்த பெண்களுக்குத் தலைவலியே வந்துவிட்டது. இப்போதைய ப்ராசசர்கள் ஒரு சின்ன வேலைக்கே சட்டென்று முழு சக்திக்குத் தாவும். அவற்றின் உள்சென்சார் ஒரு நொடிக்குள் இருபது டிகிரி எகிறும். ஹீட் சிங்க்கோ அடி கனமான பாத்திரம் மாதிரி, மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். சென்சார் எகிறிய அந்த நொடியில் ஹீட் சிங்க் இன்னும் சூடாகவே இல்லை. ஃபேன் அவசரப்பட்டு ஊதுவதால் எந்தப் பயனும் இல்லை. பயாஸில் வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில விநாடித் தாமதம் வைக்க இடமிருந்தால் அதை வைப்பேன். 60 டிகிரியில் ஏறியது 55-க்கு வந்தபிறகே இறங்கட்டும் என்று ஐந்து டிகிரி இடைவெளியும் விடுவேன். அடுத்த மாதம் அந்த அறைக்குப் போனபோது ஏ.சி.யின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இடத்துக்கேற்ற கணக்கைப் போட நான் பின்பற்றும் முறை எளிது. காற்று நுழையும் ஜாலியின் முன்னால் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அறை வெப்பத்தைக் குறிப்பேன். மெஷினுக்கு அரைமணி நேரம் முழு வேலை கொடுத்து, ப்ராசசர் வெப்பம் நிலைத்ததும் அதைக் குறிப்பேன். அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். எனவே மார்கழியில் 26 டிகிரி அறையில் 66 என்று வந்தால், 42 டிகிரி கத்திரிக்கு 16-ஐக் கூட்டி 82 என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த 82-ல் ஃபேனுக்கு இன்னும் ஏறுவதற்கு இடம் மிச்சம் இருக்கும்படி, எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற புள்ளிகளைப் பயாஸில் அமைப்பேன். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் இல்லாத காலத்தில் இந்த மிச்ச இடம்தான் காப்பாற்றியது. ஜெனரேட்டர் கம்ப்யூட்டருக்கும் விளக்குக்கும் உண்டு, ஏ.சி.க்குக் கிடையாது. மூடிய அறை மளமளவென்று சூடாகும். இடம் விட்டு வைத்த மெஷின்கள் சத்தத்தை உயர்த்திச் சமாளித்தன; ஏ.சி. நிரந்தரம் என்று நம்பி மெதுவாக வைத்தவை திணறின.

கீழ் எல்லையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். புது ஃபேன் இருபது சதவீதத்தில்கூடச் சுழல ஆரம்பிக்கும். இரண்டு வருடம் புழுதியில் ஓடி எண்ணெய் வற்றிய ஃபேனுக்கு முப்பத்தைந்து தேவைப்படலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்த வேகத்தில் தாக்குப்பிடிக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பாது. பொங்கல் லீவு முடிந்து ஷெட்டைத் திறக்கும் காலையில் வரிசையாக வரும் போன்களில் பாதி இதுதான்: திரையில் 'ஃபேன் எரர்', எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அதனால் குறைந்தபட்ச வேகத்தை, இன்று சோதித்து வந்த எண்ணைவிடத் தாராளமாக மேலே வைப்பேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மாற்று ஃபேன் வாங்கும்போதும் விலையைப் பார்ப்பதற்கு முன் பேரிங்கைப் பார்ப்பேன். சூடான ஷெட்டுக்குப் பால் பேரிங்தான். நான்கு பின் இருக்கிறதா, வேகம் திரும்பி வருகிறதா என்றும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

எந்த மெஷின் இரைந்தாலும் வேகத்தைக் குறைப்பதற்கு முன் ஏன் இரைகிறது என்று பார்க்க வேண்டும். பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட் சிங்க்கைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று, குண்டும் குழியுமான சாலையில் டெம்போவில் வந்த குலுக்கலில் கழன்றிருக்கலாம். இரைச்சல் அந்தப் பழுதின் குரல். வாயை மூடிவிட்டால் பழுது உள்ளேயே வளரும்.

ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும். ரொம்பவும் மிஞ்சினால் மெஷினையே அணைத்துவிடும். அதைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. மேலிருந்து கீழே ஊதும் ஃபேனின் மிச்சக் காற்றுதான் அவற்றுக்கு உயிர். பத்து டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ப்ராசசர் எண்ணை மட்டும் பார்த்து ஃபேனை ஒடுக்கிய மெஷின்களில் தலை உப்பிய கெப்பாசிட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போர்டின் வெப்பத்தைச் சொல்லும் இன்னொரு சென்சார் எண்ணும் பயாஸில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிய காலத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்களில் லினக்ஸ் மெஷின்கள் கையில் வர ஆரம்பித்தன. அவற்றில் எல்எம்-சென்சார்ஸ், ஃபேன்கன்ட்ரோல் என்று இலவசக் கருவிகள் உண்டு. 0 முதல் 255 வரை எண் கொடுத்து வேகத்தைச் சொல்லலாம். எந்த எண்ணில் ஃபேன் நிற்கிறது, எதில் கிளம்புகிறது என்று அதுவே சோதித்துத் தரும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனாலும் ஷாப் ஃபுளோரில் நான் கணக்கைப் பயாஸில்தான் வைப்பேன். சிஸ்டம் உறைந்துபோனால் மென்பொருள் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஃபேன் மாட்டிக்கொள்ளக்கூடும். இரவு ஷிப்டில் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

2020-ல் எச்.பி.யும் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் டெஸ்க்டாப் தயாரிக்க ஆரம்பித்தது. இங்கேயே பூட்டப்படும் மெஷின், இங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கும் ஷெட்டில் போய் உட்காரும் காலம் இது. சின்ன உருவ மெஷின்கள் பலவற்றில் பயாஸைத் திறந்தால் ஃபேனுக்கு ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. தனி வடிவ ஃபேன், தனி வடிவ கனெக்டர். கேபினட்டுக்குள் கை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது கதவைச் சாத்துவது போல.

அதனால் இப்போது என் வாடிக்கையாளர்களின் பர்ச்சேஸ் ஆட்களிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் இயங்கும் வெப்பநிலை 45 டிகிரி வரை என்று எழுதுங்கள். பயாஸில் வெப்பத்துக்கு ஏற்ற வேகத்தை நாமே அமைக்கும் வசதி வேண்டும் என்று எழுதுங்கள். கழற்றி அலசக்கூடிய முன் ஃபில்டர், கடையில் கிடைக்கும் நான்கு பின் ஃபேன் என்று எழுதுங்கள். சென்ற தடவை ஒரு பர்ச்சேஸ் சார் இதையெல்லாம் அப்படியே டைப் அடித்து அனுப்பினார். கொட்டேஷன் அனுப்பியவர்களில் ஒருவர் மட்டும், ஷெட்டின் மே மாத வெப்பம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டு எழுதினார். ஆர்டரை அவருக்கே கொடுக்கச் சொன்னேன்.